பாஸ்கெட்பால் கார்டுல பிளேயரோட கதையைப் படிக்கும்போது பண்ணக்கூடாத தப்புகள்

என்பிஏ, அதாவது அமெரிக்க பாஸ்கெட்பால் லீக், பிளேயருங்க படமும் கணக்கும் போட்ட கார்டு சேர்க்கிற யாரையாவது கேட்டுப் பாருங்க, ஆல்பத்தை விரிச்சு வச்சுக்கிட்டு "இந்தா, மைக்கேல் ஜோர்டனோட மொத்த கெரியரும் இதுல இருக்கு"ன்னு சொல்வாங்க. நானும் சொல்லிட்டுத் திரிஞ்சவன்தான். அப்புறம் ஒவ்வொரு கார்டா திருப்பிப் பார்க்க ஆரம்பிச்சப்பதான் தெரிஞ்சுது, அது அச்சான அன்னைக்குக் கம்பெனிக்காரனுக்கு என்ன தெரியுமோ, எதைப் போட அவனுக்கு லைசன்ஸ் இருந்துச்சோ அவ்ளோதான் அதுல இருக்கும். அதை மறந்துட்டு கதை படிச்சா தப்புத் தப்பாதான் படிப்போம்.

முதல் தப்பு, எல்லாரும் பண்றது, ரூக்கி (புது பிளேயர்) கார்டுன்னா முதல் வருஷத்து கார்டுன்னு நினைச்சுக்கிறது. ஜோர்டன் 1984 டிராஃப்ட்ல (டீம்கள் புதுப் பசங்களை வரிசையா எடுக்கிற நிகழ்ச்சி) மூணாவது ஆளா சிகாகோ புல்ஸுக்குப் போனவர், 1984-85 சீசன்ல ரூக்கி ஆஃப் தி இயர் வாங்கியாச்சு, ஆனா உலகமே ரூக்கி கார்டுன்னு கொண்டாடுற அந்த ஃப்ளீர் கம்பெனியோட 57-ம் நம்பர் கார்டு 1986-87 செட்டுல வந்தது, அதாவது மனுஷன் ரெண்டு சீசன் முடிச்சுட்டு மூணாவதுக்குள்ள போயாச்சு. பின்பக்கம் திருப்பினா ரெண்டு வரி இருக்கும். முதல் வரில 82 மேட்ச், 2313 பாயின்ட். ரெண்டாவது வரில 18 மேட்ச், 408 பாயின்ட். விஷயம் தெரியாதவன் பார்த்தா "ரெண்டாவது வருஷம் சொதப்பிட்டான் போல"ன்னுதான் நினைப்பான். நடந்தது என்னன்னா, சீசனோட மூணாவது மேட்ச்லயே இடது கால்ல எலும்பு உடைஞ்சு 64 மேட்ச் வெளில உக்காந்தார், கடைசில திரும்பி வந்து, 1986 ஏப்ரல் 20 அன்னைக்கு பாஸ்டன் கார்டன்ல செல்டிக்ஸுக்கு எதிரா பிளேஆஃப்ல 63 பாயின்ட் போட்டார். அந்த 63 அந்த ரெண்டு வரில எங்கயும் கிடையாது, ஏன்னா அது பிளேஆஃபைச் சேர்க்காத ரெகுலர் சீசன் கணக்கு. அந்த வருஷத்துல நாம இன்னைக்கும் பேசுற ஒரே மேட்ச் அதுதான், அதையே காணோம்.

சரி ஏன் இவ்ளோ லேட்டு? டாப்ஸ் கம்பெனி 1981-82 செட்டோட பாஸ்கெட்பாலை விட்டுட்டுப் போயிடுச்சு, 1986-ல ஃப்ளீர் வர்ற வரைக்கும் கடைல பாக்கெட்டு பிரிச்சு எடுக்கிற மாதிரி கார்டே கிடையாது. நடுவுல ஸ்டார்னு ஒரு கம்பெனி டீம் டீமா பிளாஸ்டிக் பைல போட்டு வித்துச்சு, ஜோர்டனோட 1984-85 கார்டு அதுலதான் இருக்கு, 101-ம் நம்பர். பாக்கெட்டுல வரலன்றதுனால ரொம்ப பேர் அதை ரூக்கி கார்டாவே ஒத்துக்கிறதில்ல. எந்த கார்டுக்கு எவ்ளோ விலைன்றது மார்க்கெட் பாடு, ஆனா கெரியரைக் கதையா அடுக்குறீங்கன்னா ஸ்டாரை விட்டுட்டு அடுக்குறது முதல் அத்தியாயத்தைக் கிழிச்சுப் போட்ட மாதிரின்னு நான் சொல்வேன், சண்டைக்கு வர்றவங்க வரலாம்.

இந்த இடைவெளில மாட்டினவர் ஜோர்டன் மட்டும் இல்ல. 132 கார்டு இருக்கிற அதே ஃப்ளீர் செட்டுலதான் 1981-ல வந்த ஐசாயா தாமஸுக்கும் 1983-ல வந்த கிளைட் ட்ரெக்ஸ்லருக்கும் "ரூக்கி கார்டு" இருக்கு. இதை விடக் கொடுமை ஜான் ஸ்டாக்டன். ஜோர்டன் வந்த அதே 1984 டிராஃப்ட், யூட்டா ஜாஸ், ஆனா ஃப்ளீர்ல அவரோட முதல் கார்டு 1988-89-ல. 1987-88 சீசன்ல 1128 அசிஸ்ட் (கூட ஆடுறவன் கூடை போட உதவுற பாஸ்) கொடுத்து ஒரு சீசனுக்கான ரெக்கார்டை உடைச்சுட்டு நிக்கிறார், அப்பதான் "ரூக்கி கார்டு" வருது! அந்த கார்டைக் கைல வச்சுக்கிட்டு "சின்னப் பையன், இன்னும் யாருக்கும் தெரியாத நேரம்"னு கதை விடுறவங்களைப் பார்த்திருக்கேன். அர்விதாஸ் சபோனிஸ் கேஸ் வேற மாதிரி, 1986-லயே போர்ட்லண்ட் டீம் டிராஃப்ட் பண்ணிடுச்சு, ஐரோப்பாவுல ஆடிட்டு என்பிஏவுக்கு வந்தது 1995-ல, முப்பது வயசுல, முட்டியெல்லாம் தேஞ்சு போனதுக்கு அப்புறம். என்பிஏ ரூக்கி கார்டுல இருக்கிறது வாழ்க்கைல பாதிக்கு மேல ஆடி முடிச்ச ஆளு.

அடுத்து, கார்டுல போட்டிருக்கிற வருஷமும் பின்பக்க நம்பரும் ஒரே வருஷம்னு எடுத்துக்கிறது. கார்டு சீசன் ஆரம்பத்தை ஒட்டி வரும், நம்பர் போன வருஷத்தோடது. 1980-81 டாப்ஸ்ல லேரி பேர்டு, ஜூலியஸ் எர்விங், மேஜிக் ஜான்சன் மூணு பேரும் ஒரே அட்டைல இருக்காங்க, நடுவுல கிழிக்கறதுக்கு வசதியா ஓட்டை ஓட்டையா கோடு போட்டிருக்கும். அது வெளில வர்றப்ப மேஜிக் ஏற்கெனவே ஃபைனல்ஸ் ஆறாவது மேட்ச்ல 42 பாயின்ட் போட்டு சாம்பியன் ஆகியாச்சு, பேர்டு ரூக்கி ஆஃப் தி இயர் ஆகியாச்சு. அப்ப பசங்க அதை மூணா கிழிச்சிருக்காங்க, கிழிக்கத்தானே கோடே போட்டான், அவங்க மேல தப்பில்ல. ஆனா இன்னைக்கு அந்தத் துண்டுல ஒண்ணை மட்டும் "மேஜிக் ரூக்கி"ன்னு முழு கார்டு விலைக்கு வாங்காதீங்க.

போட்டோவை நம்புறதும் ஒரு தப்பு. 1969-70 டாப்ஸ் நீள கார்டுல இருக்கிற லூ ஆல்சின்டர் யாருன்னு கேட்டா இப்ப நிறைய பேருக்குத் தெரியாது, அது கரீம் அப்துல்-ஜபார்தான், 1971-ல பேரை மாத்திக்கிட்டார், அதனால பழைய கார்டைத் தேடும்போது பழைய பேர்ல தேடணும். அந்த செட்டுல ஜெர்சில டீம் பேரே இருக்காது, வெறும் பனியன் மாதிரி இருக்கும், அதைப் பார்த்துட்டு காலேஜ் போட்டோன்னு முடிவு பண்ணிடாதீங்க, அவர் அப்ப மில்வாக்கி பக்ஸ்.

போட்டோ விஷயத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது 1990-91 ஹூப்ஸ்ன்ற கார்டு செட்டுல இருக்கிற சாம் வின்சென்ட் கார்டு. ஆர்லாண்டோ மேஜிக்ன்ற டீம் ஆளு, பெரிய ஸ்டார்லாம் இல்ல, கார்டுக்கும் பெரிய விலை கிடையாது. ஆனா படத்துல அவரைத் தடுத்துக்கிட்டு நிக்கிறது ஜோர்டன், ஜெர்சில நம்பர் 12. பிரின்ட்டிங் மிஸ்டேக்குன்னு நினைப்பீங்க, கிடையாது. 1990 பிப்ரவரி 14, ஆர்லாண்டோல மேட்ச்சுக்கு முன்னாடி ஜோர்டனோட 23-ம் நம்பர் ஜெர்சியை எவனோ டிரெஸ்ஸிங் ரூம்ல இருந்து லவட்டிட்டான், கைல இருந்த ஸ்பேர் ஜெர்சி 12, அதுல பேர்கூட இல்ல, அதைப் போட்டுக்கிட்டு ஆடி 49 பாயின்ட் எடுத்தார், புல்ஸ் தோத்துடுச்சு. ஜோர்டனோட சொந்த கார்டு அத்தனை இருந்தும் இந்த ராத்திரி இன்னொருத்தன் கார்டுல ஓரமா உக்காந்திருக்கு. அப்புறம் அச்சடிச்சதுல போட்டோவை மாத்திட்டாங்க, அதனால வாங்குறப்ப பேரை மட்டும் பார்க்காம படத்தைப் பார்த்து வாங்குங்க. பெரிய ஆளோட கதைக்கு அவரோட கார்டை மட்டும் தேடுறதும் தப்புன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தது இந்த சில்லறை கார்டுதான்.

இன்னொண்ணு, 1991-ல அப்பர் டெக் கம்பெனி போட்ட பேஸ்பால் செட்டுல ஜோர்டன் ஒயிட் சாக்ஸ்ன்ற பேஸ்பால் டீம் டிரெஸ்ல மட்டையோட நிக்கிற கார்டு ஒண்ணு இருக்கு. அவர் பாஸ்கெட்பாலை விட்டுட்டு பேஸ்பால் ஆடப் போனது 1994-ல. கார்டு அதுக்கு மூணு வருஷம் முந்தி, சும்மா பேட்டிங் பிராக்டீஸுக்குப் போனப்ப எடுத்தது. இதை 1994 பக்கத்துல சொருகி வச்சிருக்கிற ஆல்பம் எத்தனையோ.

விலையை வச்சு கெரியரை அளக்குறதுதான் காசு போற தப்பு. 2007 டிராஃப்ட்ல முதல் ஆளு கிரெக் ஓடன், ரெண்டாவது கெவின் டூரான்ட். 2007-08 செட்டு முழுக்க ஓடன் ரூக்கி கார்டு இருக்கு, ஆனா முட்டி ஆபரேஷனால அந்த சீசன்ல அவர் ஒரு மேட்ச்கூட ஆடல, கெரியர் மொத்தமே 105 மேட்ச். டூரான்ட்டோட அந்த வருஷ கார்டுல சியாட்டில் சூப்பர்சோனிக்ஸ் ஜெர்சி இருக்கும், அடுத்த வருஷமே டீம் ஒக்லஹோமாவுக்குப் போயிடுச்சு. அவரோட ஆட்டத்தைப் பத்தி அந்த கார்டு ஒண்ணும் பெருசா சொல்லாது, ஆனா ஒரு ஊரு தன்னோட டீமை இழந்ததைச் சொல்லும். 2012 பிப்ரவரில ஜெரமி லின் நியூயார்க்ல லேக்கர்ஸுக்கு எதிரா 38 போட்டப்ப அவர் கார்டு விலை ஏறின வேகம் தனிக் கதை, அந்த உச்சத்துல வாங்கினவங்க பாவம்.

இல்ல சார், ஜோர்டன் மாதிரி முடிஞ்சு போன கெரியர்னா விலை ஸ்டெடியா இருக்கும்னு சொல்வாங்க. அதே ஃப்ளீர் கார்டு, கார்டுக்கு மார்க்கு போடுற பி.எஸ்.ஏ கம்பெனியோட 10 கிரேடுல (அதுதான் உச்சம்) 2021 ஜனவரில 7,38,000 டாலருக்கு ஏலம் போச்சு, அடுத்த வருஷம் 2 லட்சம் டாலர் பக்கத்துல இறங்கிடுச்சு. மனுஷன் ரிட்டயர் ஆனது 2003-ல! அந்த ஒரு வருஷத்துல அவர் கெரியர்ல என்ன மாறிடுச்சு? ஒண்ணும் இல்ல. லாக்டவுன்ல எல்லாரும் வீட்ல உக்காந்து பழைய மேட்ச் பார்த்தாங்க, கைல காசு இருந்துச்சு, வாங்கினாங்க. கிரேடுன்றதும் அப்படித்தான், ஓரம், மூலை, படம் நடுவுல இருக்கான்னு அட்டையைப் பத்தின மார்க்கு அது, ஆளுக்குப் போட்ட மார்க்கு கிடையாது.

ஜெர்சித் துணி ஒட்டின பேட்ச் கார்டுல நான் ஏமாந்தேன்னு சொல்ல முடியாது, படிக்காம வாங்கினேன். முதல் பேட்ச் கார்டு வந்தப்ப அந்தத் துணியை மோந்தே பார்த்தேன், எந்த மேட்ச்ல போட்டிருப்பாரோன்னு. ஒரு வாரம் கழிச்சுதான் பின்பக்கம் பொடி எழுத்துல இருந்ததைப் படிச்சேன், மேட்ச்ல போட்டதுன்னே போடல, பிளேயர் போட்டதுன்னு மட்டும் இருந்துச்சு. வருஷா வருஷம் ரூக்கிங்களைக் கூப்பிட்டு போட்டோ ஷூட் வைப்பாங்க, அங்க ஜெர்சியை மாட்டிக் கழட்டி மாட்டிக் கழட்டி கொடுப்பாங்க, வேர்வைகூட பட்டிருக்காது. சில கார்டுல அதுவும் இல்லாம, எந்த மேட்ச்சுக்கும் எந்த ஆளுக்கும் சம்பந்தமில்லாத துணின்னே போட்டிருக்கும். அவன் ஒளிக்கல, நாமதான் படிக்கிறதில்ல.

போலி விஷயம் சுருக்கமா சொல்லிடுறேன். பூதக்கண்ணாடில பார்த்தா ஒரிஜினல்ல கறுப்பு எழுத்தும் கோடும் கெட்டியா இருக்கும், காப்பி எடுத்ததுல எழுத்தே புள்ளி புள்ளியா உடையும். போலி இல்லாமலேயே குழப்புற கார்டும் உண்டு, 1996-97-ல ஃப்ளீரே தன்னோட பழைய 86 டிசைன்ல ஜோர்டனை மறுபடி போட்டுச்சு, அதுவும் நல்ல கார்டுதான், பத்து வருஷம் இளசு அவ்ளோதான்.

கார்டு இல்லாததை "ஆளு முக்கியமில்ல"ன்னு எடுத்துக்கிறதும் தப்பு. 2009-ல இருந்து 2025 வரைக்கும் என்பிஏ லைசன்ஸ் பனினி கம்பெனி கைல, ஜோர்டன் அப்பர் டெக் கூட ஒப்பந்தம், அதனால பனினில அவரைத் தேடாதீங்க, அப்பர் டெக்ல தேடினா நார்த் கரோலினா காலேஜ் ஜெர்சிலதான் நிப்பார். 2023-ல வந்த வெம்பன்யாமாவோட பனினி ரூக்கி கார்டு இருக்கு, கையெழுத்து இருக்காது, அதுக்கான உரிமை வேற கம்பெனிகிட்ட. 2025-26-ல இருந்து லைசன்ஸ் திரும்ப டாப்ஸ்கிட்ட வந்தாச்சு, இனி இன்னொரு வகை ஓட்டை விழும்.

அதனால இப்ப நான் ஆல்பத்தை விலைப்படி அடுக்குறதில்ல, சீசன்படி அடுக்குறேன், கார்டு இல்லாத சீசனுக்குக் காலியா விட்டுடுவேன். ஆல்பத்துல ஸ்டாக்டனோட பக்கத்துல முதல் நாலு கட்டமும் காலி. ரெண்டுக்கு ஸ்டார் கார்டு வரணும், கைல காசு வரல. அடுத்த ரெண்டு சீசனுக்கு ஃப்ளீர் அவருக்கு ஒண்ணும் போடவே இல்ல. வீட்டுக்கு வர்றவங்க அந்தப் பக்கத்தைப் பார்த்துட்டு கார்டு எங்கயாவது விழுந்துடுச்சான்னு சோஃபாவுக்கு அடில குனிஞ்சு பார்க்கிறாங்க.