மார்கழியில் பழைய கொழும்பு: நடந்து பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர், ஜனவரி விடுமுறையில் கொழும்புக்கு வருகிறவர்கள் பலர் காலைச் சாப்பாட்டை ஆறுதலாக முடித்துக்கொண்டு பத்தரைக்குத்தான் வீட்டைவிட்டு இறங்குகிறார்கள். மார்கழிதானே, வெயில் இருக்காது என்ற நினைப்பு. நுவரெலியாவுக்கு அது சரி. கொழும்பில் இந்த மாதத்திலும் பகல் வெப்பம் 30 பாகையைத் தொடும், கடலோர ஈரப்பதம் வேறு. பன்னிரண்டு மணிக்குள் களைத்துப்போய் ஓட்டோ பிடித்துவிடுவார்கள்.

ஆறரைக்கெல்லாம் தொடங்குங்கள். அதுவும் கோட்டையிலிருந்து வேண்டாம், கொச்சிக்கடையிலிருந்து. ஸ்ரீ பொன்னம்பலவாணேசர் கோயிலை 1857இல் பொன்னம்பல முதலியார் கட்டினார். பிறகு அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அதை முழுக்கக் கருங்கல்லில் எழுப்பினார். காலையில் அந்தக் கல் உள்ளங்காலில் சில்லென்று இருக்கும். திருவெம்பாவைக் காலமாக இருந்தால் பாட்டு கேட்கும், தூண்களைக் கிட்ட நின்று பார்க்கலாம். நண்பகலில் வந்தால் நடை சாத்தியிருக்கும், வெளியே வெறுங்காலுடன் கல்லில் நிற்கவும் முடியாது. கோயிலைக் கடைசிக்கு ஒதுக்குவதுதான் என் கணக்கில் மிகப் பெரிய தவறு.

கொஞ்ச தூரத்தில் புனித அந்தோனியார் ஆலயம். செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் அலைமோதும். அமைதியாகப் பார்க்க வேண்டுமென்றால் வேறு நாள் போங்கள்.

அப்புறம் செட்டியார் தெரு. நகை வாங்குகிறவர்கள் மட்டும் போகும் இடம் என்று விட்டுவிடுகிறார்கள். பழைய கதிரேசன் கோயில், புதிய கதிரேசன் கோயில் இரண்டும் இந்தத் தெருவில்தான். கடைகள் திறக்குமுன் போனால் கோபுரங்களை நிமிர்ந்து பார்க்க இடம் கிடைக்கும்.

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கிறதே, அந்தப் பள்ளிவாசல் 1909இல் கட்டி முடிந்தது. தெரு ஒடுக்கம், கட்டடம் உயரம். அதனால் முழுவதையும் படத்தில் அடக்கப் பின்னுக்குப் பின்னுக்கு நடப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பின்னால் நாட்டாமி (சுமை தூக்கும் தொழிலாளி) ஒருவர் மூட்டைகள் அடுக்கிய கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். அந்தப் பாரத்தோடு சட்டென்று நிறுத்த அவரால் முடியாது. ஓரமாக நின்று பாதிக் கட்டடத்தை எடுத்தாலே போதும், அந்தச் சிவப்பு வெள்ளைக் கோடுகள் கிட்டத்தில்தான் அழகு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் உள்ளே பார்க்கக் கேட்க வேண்டாம். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு எல்லா வழிபாட்டு இடங்களுக்கும் பொருந்தும்.

வெயில் ஏறியதும் கோட்டைக்கு வரலாம். இங்கே மதில் தேடி அலையாதீர்கள். கோட்டை மதில்களை ஆங்கிலேயர் 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் இடித்துவிட்டார்கள், பெயர்தான் மிச்சம். இப்போது கடைகளும் உணவகங்களும் இருக்கும் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலையின் தாழ்வாரத்தில் உட்கார்ந்து நடுப்பகலைக் கழியுங்கள். பக்கத்தில், 1857இல் எழுந்த மணிக்கூட்டுக் கோபுரம் பத்து வருடத்தில் வெளிச்சவீடாகவும் ஆனது. இன்று கடலை மறைத்துக் கட்டடங்கள் நிற்பதால் பலர் அதைக் கவனிக்காமலே கடந்துபோகிறார்கள். ஜனாதிபதி மாளிகை, துறைமுக வாசல், காவலரண் பக்கம் மட்டும் கமராவை உள்ளே வையுங்கள்.

நாள் பார்க்காமல் வருவதும் தவறு. ஞாயிற்றுக்கிழமையும் போயா (பௌர்ணமி) விடுமுறை தினத்திலும் புறக்கோட்டைக் கடைகள் பெரும்பாலும் பூட்டு. ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் சனிக்கிழமையை எடுங்கள்: புறக்கோட்டையில் வியாபாரம் நடக்கும், கோட்டையில் அலுவலக நெரிசல் இராது.