பார்க்கின்சனோடு மறதியும் வருகிறதா? எதைக் கவனிப்பது

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுக் காலைக் காபி அப்பா கையால்தான். பார்க்கின்சன் வந்து ஒன்பது வருடம் ஆகியும், கை நடுங்க நடுங்க அவரேதான் டிகாஷன் இறக்குவார். போன ஆடியில் ஒருநாள் ஃபில்டரில் பொடி போடாமலே வெந்நீரை ஊற்றிவிட்டு நின்றார். பேரன் பேத்தி பெயரெல்லாம் சரியாகச் சொன்னார். எதற்கு அப்புறம் எது என்பதுதான் குழம்பிவிட்டது.

இந்த நோயில் டிமென்ஷியா, அதாவது யோசனையும் ஞாபகமும் குன்றிப்போவது, பெரும்பாலும் இப்படித்தான் தலைகாட்டும். வேலையை வரிசையாகச் செய்வது, கவனம், தூரத்தையும் திசையையும் கணிப்பது இவையே முன்னால் தடுமாறும். எல்லோருக்கும் வந்தே தீரும் என்று பயப்படாதீர்கள். 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, பத்து வருடத்தில் வரும் வாய்ப்பை ஒரு குழுவில் 9 சதவீதம், இன்னொன்றில் 27 சதவீதம் என்று கணித்தது. வயதும் நோயின் காலமும் கூடக்கூட அது ஏறும்.

ஒரு நோட்டு வாங்குங்கள். நடந்ததை நேரத்தோடு எழுதுங்கள். கடைசி மாத்திரை எப்போது போட்டார் என்பதையும் சேர்த்து. பார்க்கின்சனுக்குத் தரும் முக்கிய மருந்தான லெவோடோபாவின் வேகம் குறையும் நேரத்தில் சிலருக்கு யோசனையும் மந்தமாகும். அதை டிமென்ஷியா என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தூக்கத்தில் கத்தி, கைகால் வீசுகிறாரா? எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்குகிறதா? இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிகிறாரா? மூன்றையும் அவசியம் குறியுங்கள், டாக்டருக்கு இவை முக்கியம். அப்பா "மூலையில யாரோ உக்காந்திருக்காங்கம்மா" என்றபோது நான் சிரித்து மழுப்பினேன். அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

ஓரிரு நாளில் திடீரென்று குழம்பினால் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடம்பில் நீர் வற்றுவது, புது மாத்திரை எதுவும் காரணமாக இருக்கலாம்.

மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு நரம்பியல் டாக்டரிடம் எடுத்துப் போங்கள். நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்சிபெனிடில் வயதானவர்களின் ஞாபகத்தைக் கெடுக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், கேளுங்கள். இல்லாத ஆள் தெரியும் மாயத்தோற்றத்துக்கு ஹாலோபெரிடால் என்ற மனநல மருந்தைக் கொடுத்தால் உடம்பு இன்னும் இறுகிவிடும். டிமென்ஷியா உறுதியானால் அதற்குத் தரும் ரிவாஸ்டிக்மின் மருந்து பற்றிப் பேசுங்கள்.

பெங்களூரில் இருக்கிற நமக்கு இன்னொன்று: ஞாபகப் பரிசோதனையைத் தமிழில் செய்யச் சொல்லுங்கள். அப்பா கன்னடம் நன்றாகவே பேசுவார். ஆனால் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கும்போது மனசுக்குள் ஓடுவது தமிழ்தான்.

இப்போது ராத்திரியே மேடையில் ஃபில்டர், பொடி டப்பா, கரண்டி, கெட்டில் என்று வரிசையாக எடுத்து வைத்துவிடுகிறேன். வெந்நீரை மட்டும் நான் ஊற்றுகிறேன். மற்றதெல்லாம் அவர்தான்.