பெட்டியின் உயரத்தை 2 செ.மீ. குறையுங்கள், கூரியர் செலவு குறையும்

கூரியருக்குக் கொடுக்கும் முன் பெட்டியின் நான்கு மூலைகளையும் கட்டரால் கீறி, பொருளின் உயரத்துக்கு மடித்து ஒட்டிவிடுங்கள்.

காரணம், பல கூரியர்கள் உண்மையான எடையோடு பெட்டி அடைக்கும் இடத்தையும் கணக்கிட்டு, எது அதிகமோ அதற்கே கட்டணம் போடுகிறார்கள். நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, வருவதைக் கிலோவாக எடுத்துக்கொள்வதுதான் பரவலான கணக்கு. குரோஷா பொம்மை ஒன்று 150 கிராம்தான் இருக்கும். ஆனால் 20×15×10 பெட்டியில் போட்டால் அது 600 கிராம். அரை கிலோ படிகளில் கட்டணம் என்றால் ஒரு கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். உயரம் 8 ஆனால் 480 கிராம், அரை கிலோ கட்டணத்தோடு முடிந்தது. அளவை வெளிப்பக்கமாக, டேப் ஒட்டிய பிறகு எடுங்கள், ஏனென்றால் நடுவில் உப்பியிருந்தால் அதையும் சேர்த்துத்தான் அளப்பார்கள்.

பித்தளை, கல் சாமான்களுக்கு இது உதவாது, அங்கே நிஜ எடையே அதிகம். சுடுமண் நகை, கண்ணாடி வேலைப்பாடு என்றால் பெட்டியைச் சுருக்கவே வேண்டாம். சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்குக் காகிதம் அடைக்க இடம் வேண்டும். அப்புறம், உங்கள் கூரியர் எந்த எண்ணால் வகுக்கிறார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.