செஞ்சிக்கோட்டை போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

'தேசிங்கு ராஜா கோட்டை' என்று சொல்லிக்கொண்டே ஏறுவதுதான் முதல் தவறு. தேசிங்கு செஞ்சியை ஆண்டது ஒரு வருஷம்கூட இல்லை. 1714 அக்டோபரில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி, போர்க்களத்திலேயே இறந்துபோனார். கதைப்பாட்டு அவரை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது, அவ்வளவுதான். கோட்டைக்கு அவரைவிடப் பல நூற்றாண்டு வயது அதிகம். கோனார்கள் தொடங்கியதாகச் சொல்வார்கள், விஜயநகர நாயக்கர்கள் பெரிதாக்கினார்கள், பிறகு பீஜப்பூர் சுல்தான்கள் கைக்குப் போனது, 1677-ல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கிருந்துதான் மராத்திய அரசை நடத்தினார். 1690-ல் முற்றுகையைத் தொடங்கிய முகலாயப் படைக்கு, 1698-ல்தான் கோட்டை கிடைத்தது. 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்ததும் இந்த மராத்திய வரலாற்றுக்காகத்தான்: மொத்தம் 12 கோட்டைகள், மகாராஷ்டிரத்துக்கு வெளியே செஞ்சி ஒன்றே.

உச்சி வெயிலில் ராஜகிரி மலை ஏறாதீர்கள். கிட்டத்தட்ட 800 அடி; பாறை அனலாகக் கொதிக்கும். காலையிலேயே போய்விடுங்கள், பிற்பகலில் ஒரு நேரத்துக்குமேல் ஏற விடமாட்டார்கள். உச்சிக்குச் சற்று முன்னால் ஆழமான ஒரு பிளவு வரும். பலர் பாலத்தில் நின்று செல்ஃபி எடுத்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். கொஞ்சம் குனிந்து பாருங்கள். அந்தக் காலத்தில் மரப்பாலத்தை எடுத்துவிட்டால் எந்தப் படையும் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

ராஜகிரியோடு ஊர் திரும்புவது இன்னொரு தவறு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் மதிலால் இணைத்ததுதான் கோட்டை. முட்டி ஒத்துழைக்காதவர்கள் சாலைக்கு எதிர்ப்புறம் உள்ள கிருஷ்ணகிரிக்குப் போகலாம், உயரம் குறைவு. அதுவும் முடியாதென்றால் அடிவாரத்திலேயே களஞ்சியமும் கல்யாண மகாலும் இருக்கின்றன. மகாலின் மேல்மாடிகளுக்கு மண்குழாய் வழியே தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். எனக்குக் கோட்டையிலேயே பிடித்த இடம் அதுதான். வேங்கடரமணர் கோயிலையும் விட்டுவிடாதீர்கள். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை.

சுண்ணாம்புச் சுவரில் பேர் கிறுக்குவது குற்றம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம்.

கையில் கேரிபேக்கோடு ஏறாதீர்கள். குரங்குகள் பிடுங்கிவிடும்.