பழைய பேஸ்பால் அட்டைகள்: மறந்துபோன ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் சிகரெட், மிட்டாய், சூயிங்கம் பாக்கெட்டுகளோடு வந்த, ஆட்டக்காரர்களின் படம் போட்ட பேஸ்பால் அட்டைகளில் இருக்கும் பலர் யாரென்றே இன்று தெரியாது. அவர்களைப் பற்றி எழுத ஆசைப்படுகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, அட்டையில் இருப்பதை அப்படியே நம்புவது. டாப்ஸ் என்ற நிறுவனம் 1969-ல் வெளியிட்ட அட்டை வரிசையில் ஏஞ்சல்ஸ் அணி ஆட்டக்காரர் ஆரேலியோ ரோட்ரிகஸ் பெயரில் வந்த படம் அவருடையதே அல்ல. அந்த அணியில் மட்டைகளைக் கவனித்துக்கொண்ட பையனுடையது. 1976-ல் சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு குளோவ் விருது வாங்கியவருக்கே இந்த கதி. வேறு படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ருசிக்காகக் கதையை ஊதிப் பெருக்குவது இன்னொன்று. கௌடி என்ற சூயிங்கம் நிறுவனத்தின் 1933 அட்டையில் இருக்கும் மோ பெர்க் சுமாரான கேட்சர்தான் (பந்தடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்து பிடிப்பவர்), ஆனால் இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க உளவாளி. 1934-ல் டோக்கியோவில் ஒரு மருத்துவமனை மாடியிலிருந்து நகரைப் படம்பிடித்தது உண்மை. 1942-ல் அமெரிக்கா டோக்கியோ மீது நடத்திய குண்டுவீச்சுக்கு அந்தப் படம்தான் வழிகாட்டியது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. 1944 டிசம்பரில் துப்பாக்கியோடு சூரிச்சில், ஜெர்மனியின் அணு ஆராய்ச்சியில் இருந்த இயற்பியலாளர் ஹைசன்பர்க்கின் உரையைக் கேட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததே போதாதா?

எனக்கு அதிகம் வருத்தம் தருவது ஜிம்மி கிளாக்ஸ்டன் விஷயம். கனடாவில் பிறந்த இடக்கைப் பந்துவீச்சாளர். செவ்விந்தியர் என்று சொல்லி ஓக்லண்ட் ஓக்ஸ் அணியில் சேர்க்கப்பட்டு, 1916 மே 28 அன்று ஒரே நாளில் நடந்த இரண்டு ஆட்டங்களிலும் பந்து வீசினார். அவருக்குக் கறுப்பின வம்சாவளி உண்டு என்று தெரிந்ததும், கறுப்பினத்தவரைச் சேர்க்காத காலம் என்பதால், சில நாட்களில் அனுப்பிவிட்டார்கள். அந்தக் குறுகிய இடைவெளியில்தான் ஸீநட் என்ற மிட்டாயோடு வந்த அட்டைகளுக்காக அவரைப் படம் எடுத்தார்கள். அமெரிக்க பேஸ்பால் அட்டையில் இடம்பெற்ற முதல் கறுப்பின ஆட்டக்காரர் என்று அவரைக் குறிப்பிடுவது வழக்கம்.

பெரும்பாலான கட்டுரைகள் இதைச் சொல்லி, அட்டையின் விலையைப் போட்டு, அங்கேயே முடிந்துவிடுகின்றன. அணி வெளியேற்றியதோடு அவருடைய ஆட்டமும் முடிந்துபோனதாக வாசகர் நினைத்துக்கொள்கிறார். அப்படி இல்லை. அப்புறமும் பல ஆண்டுகள் சிறிய அணிகளில் ஆடினார். 1932-ல் கியூபன் ஸ்டார்ஸ் என்ற அணிக்காகப் பந்து வீசினார். அமெரிக்காவின் டகோமா துறைமுகத்தில் சுமை தூக்கினார். 1969-ல் அந்த ஊர் விளையாட்டுப் புகழரங்கில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். மறு ஆண்டு காலமானார். கிளாக்ஸ்டனைப் பற்றி எழுதினால் இந்த ஆண்டுகளையும் சேர்த்து எழுதுங்கள்.