இன்ஜின் சூடு, ஈ.சி.யூ.வுக்கு மட்டும் குளிர்

பழைய எம்.பி.எஃப்.ஐ. பெட்ரோல் கார் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும் வகை). சைலன்சரில் கரும்புகை, பெட்ரோல் வாடை, மைலேஜ் பாதாளத்தில். பிளக்குகளைக் கழற்றினால் நாலும் ஒரே மாதிரி கரி பிடித்திருந்தன. ஒரு இன்ஜெக்டர் மட்டும் ஒழுகினால் இப்படி இருக்காது.

புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொன்னார் மெக்கானிக். அளந்தால் 0.8, 0.9 வோல்ட்டிலேயே நின்றது. பெட்ரோல் அதிகம் என்று அது உண்மையைத்தானே சொல்கிறது, பாவம்! பெட்ரோலின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பிரஷர் ரெகுலேட்டரின் வாக்குவம் ஹோஸைப் பிடுங்கினேன். உள்ளே பெட்ரோல் ஈரம் இல்லை, அதனால் ரெகுலேட்டர் ஒழுகவில்லை. ஏர் ஃபில்டரும் சுத்தம்.

அப்புறம் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாருக்கு வந்தேன். சூடு ஏற ஏற இதன் ரெசிஸ்டன்ஸ் குறையும்: 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் பக்கம். இன்ஜின் சூடாக இருக்கும்போது சென்சாரின் பின்களில் மீட்டரை வைத்தேன், 300தான் காட்டியது. சரி, சென்சார் நல்லதுதான். அதையே ஈ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கனெக்டரைக் கழற்றி அந்தப் பக்கமிருந்து அளந்தால் 2,000க்கு மேல்! சென்சார் சாக்கெட்டுக்குள் பச்சைக் களிம்பு. அது கூட்டிய ரெசிஸ்டன்ஸைப் பார்த்து, இன்ஜின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று நம்பி, சோக் இழுத்துவிட்ட கார்புரேட்டர் வண்டிபோல ஈ.சி.யூ. பெட்ரோலைக் கொட்டியிருக்கிறது.

அரித்த டெர்மினலை வெட்டிப் புதிது போட்டதும் புகை நின்றது. டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை அடித்ததால் ஆயிலையும் ஃபில்டரையும் கூடவே மாற்றினேன்.