சைக்கிள் ஓட்டினால் இடுப்பு பிடிக்கிறதா? முதலில் சீட்டைப் பாருங்கள்

இருபது கிலோமீட்டர் தாண்டியதும் கீழ்முதுகு இறுக்கிப் பிடிக்கிறது என்றால், தைலத்தைத் தேடுவதற்கு முன் ஆலன் கீயை (சீட்டைத் தளர்த்தி இறுக்கும் அறுகோணச் சாவி) தேடுங்கள்.

சுவரைப் பிடித்தபடி சைக்கிளில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை இறக்குங்கள். கால் அப்போது நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடிந்திருக்கும், அதுதான் கணக்கு. சீட் அதைவிட உயரமாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமுமாக ஆடும், அந்த ஆட்டத்தையெல்லாம் தாங்குவது கீழ்முதுகுதான். பின்னால் வரும் நண்பரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். என்னுடையதைப் பார்த்தபோது சிரிப்புதான் வந்தது, கரகாட்டம் மாதிரி ஆடிக்கொண்டிருந்தேன். ஒரே நாளில் மாற்றாமல், சீட்டை ஒவ்வொரு தடவையும் 5 மில்லிமீட்டர் மட்டும் இறக்கி, இரண்டு மூன்று முறை ஓட்டிப் பாருங்கள்.

சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருந்தால் சமமாக்குங்கள். ஹேண்டில்பாரை எட்டிப் பிடிக்க முதுகு வளைகிறதா? குட்டையான ஸ்டெம் (ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் துண்டு) போடலாம்.

அப்புறம் கியர். பெரிய கியரில் தம் கட்டி மிதிப்பது வீரம் மாதிரி தெரியும், ஆனால் முதுகுக்கு வேட்டு. பெடல் நிமிடத்துக்கு 80 சுற்று வருகிற மாதிரி இலகுவான கியரில் மிதியுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதியுங்கள். முதுகுப்பையைக் கேரியருக்கு மாற்றுங்கள்.

வலி காலுக்கு இறங்கினாலோ, மரத்துப்போனாலோ சரிசெய்கிற வேலையெல்லாம் அப்புறம், முதலில் டாக்டர். சிறுநீர் கட்டுப்பாடு போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.